எடை ஏறாத மாதம்: தமிழ்நாடு ஒருங்கிணைந்த ஊட்டச்சத்துத் திட்டம் பற்றிய ஒரு நிகழ்வு ஆய்வு

தமிழ்நாட்டில் ஊட்டச்சத்து என்று பேச்செடுத்தால் அது நேராகச் சத்துணவில்தான் போய் நிற்கும். 1956-இல் காமராஜர் காலத்தில் பள்ளிகளுக்கு வந்த மதிய உணவும், 1982 ஜூலை 1 அன்று எம்.ஜி.ஆர். தொடங்கிவைத்த சத்துணவும் எல்லோருக்கும் தெரிந்தவை. அந்தப் பெருமைக்கு அவை முழுத் தகுதி உள்ளவை. ஆனால் அதே காலத்தில் மாநிலத்தின் ஊரக ஒன்றியங்களில் ஏறத்தாழ பாதியில் இன்னொரு வேலையும் நடந்தது. வெளியே அதிகம் பேசப்படவில்லை. 1980-இல் மதுரை மாவட்டம் கொட்டாம்பட்டி ஒன்றியத்தில் தொடங்கி, படிப்படியாக ஆறு மாவட்டங்களுக்கு விரிந்து, 1989 வரை முதல் கட்டமாக நடந்த தமிழ்நாடு ஒருங்கிணைந்த ஊட்டச்சத்துத் திட்டம்தான் அது. அலுவலகங்களில் டி.ஐ.என்.பி. என்பார்கள். உலக வங்கி இதற்கு 3.2 கோடி டாலர் கடன் கொடுத்தது. மீதிச் செலவை அரசு ஏற்றது.

தாய் சேய் நலத்தில் வேலை செய்கிறவர்கள் இந்தத் திட்டத்தைத் திரும்ப எடுத்துப் படிக்க வேண்டும் என்பது என் எண்ணம். மூன்று வயதுக்குட்பட்ட குழந்தை மெலிந்துபோவதற்கு முன்பே அதை எப்படிக் கண்டுபிடிப்பது என்பதற்கு இது ஒரு தெளிவான செய்முறையைத் தந்தது. அந்தக் குழந்தையைச் சுமந்த தாயிடம் மட்டும் அதே கவனத்தைக் காட்டத் தவறியது. இந்த இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால், இன்றைக்கும் நாம் எங்கே தடுமாறுகிறோம் என்பது விளங்கும்.

சேர வேண்டிய வயிறு எது?

1970-களின் தொடக்கத்தில் மாநிலத்தில் ஊட்டச்சத்து பற்றி விரிவான ஆய்வு ஒன்று நடந்தது. அப்போதே உணவு கொடுக்கும் திட்டங்கள் பல இருந்தன. பள்ளிக்கு வரும் பிள்ளைகளுக்கும், பால்வாடிக்கு நடந்து வரக்கூடிய பிள்ளைகளுக்கும் அவை போய்ச் சேர்ந்தன. இடுப்பில் இருக்கும் குழந்தைக்குச் சேரவில்லை. வீட்டுக்குக் கொடுத்தனுப்பிய உணவு எல்லோருக்கும் பங்காகிப் போனது. மையத்தில் சாப்பிட்ட பிள்ளைக்கோ வீட்டில் அந்த வேளைச் சோறு குறைந்தது. அதாவது கூடுதலாகப் போக வேண்டியது மாற்றாகப் போய்விட்டது.

ஊட்டக்குறைவு ஒரு குழந்தையை அடிக்கும் காலம் ஆறு மாதம் முதல் மூன்று வயது வரை. நல்லபடியாக வளரும் குழந்தை ஐந்தாவது மாதத்தில் பிறந்த எடையைப்போல் இரு மடங்காகும். ஒரு வயதில் மும்மடங்கு, இரண்டு வயதில் நான்கு மடங்கு. வாழ்நாளில் வேறெப்போதும் இந்த வேகம் கிடையாது. மூளையின் பெரும்பகுதி வளர்ச்சியும் இதே காலத்தில்தான். ஆறு மாதம் வரை தாய்ப்பால் மட்டுமே போதும். அதற்குப் பிறகு தாய்ப்பாலோடு வேறு உணவும் வேண்டும். ஆறு முதல் எட்டு மாதக் குழந்தைக்குத் தாய்ப்பால் போக ஒரு நாளைக்கு 200 கலோரி அளவு தேவை. ஒரு வயதைத் தாண்டினால் அது 550 கலோரி ஆகிறது.

இந்த 550 கலோரி பெரிய அளவல்ல. வசதியில்லாத வீட்டிலும் பானையில் அவ்வளவு சோறு இருக்கும். சிக்கல் குழந்தையின் வயிற்றின் அளவில் இருக்கிறது. எடையில் ஒரு கிலோவுக்கு ஏறத்தாழ 30 மில்லி என்று கணக்கு. எட்டுக் கிலோ குழந்தைக்கு ஒரு வேளைக்கு 240 மில்லி. அதில் நீர்த்த கஞ்சியை ஊற்றினால் வயிறு நிறையும், அழுகை நிற்கும், சத்து மட்டும் சேராது. கெட்டியாகக் குழைத்த பருப்புச் சோற்றில் ஒரு கரண்டி எண்ணெயோ நெய்யோ விட்டு, ஒரு நாளைக்கு மூன்று நான்கு தடவை கொடுத்தால் கணக்கு சரியாகிவிடும். ஆனால் காலையில் நாற்று நடவோ களையெடுக்கவோ போய்ச் சாயங்காலம் திரும்பும் தாய்க்கு அந்த மூன்று நான்கு தடவைதான் கிடைப்பதில்லை. குழந்தை பாட்டியிடம் இருக்கும், இல்லையென்றால் எட்டு வயது அக்காவிடம். நடுவில் ஒரு வயிற்றுப்போக்கு வந்தால், ஒரு மாதம் கஷ்டப்பட்டு ஏறிய எடை நாலே நாளில் இறங்கிவிடும். பசி குறைகிறது, எதிர்ப்புச் சக்தி குறைகிறது, அடுத்த நோய் வருகிறது.

இதைப் புரிந்துகொண்டுதான் இந்தத் திட்டம் பள்ளியையும் பால்வாடியையும் விட்டுவிட்டு, 6 முதல் 36 மாதம் வரையுள்ள குழந்தைகள்மீது கண்ணை வைத்தது.

தராசு

ஏறத்தாழ 1,500 பேருக்கு ஒரு ஊட்டச்சத்து மையம், அதற்கு ஒரு பணியாளர். அந்தப் பெண்ணைத் தேர்ந்தெடுத்த விதம் எனக்கு மிகவும் பிடித்த பகுதி. அதே ஊர்க்காரராக இருக்க வேண்டும், ஓரளவு படித்திருக்க வேண்டும், வசதி குறைந்த குடும்பமாக இருந்தால் நல்லது. இவற்றோடு, அவருடைய சொந்தக் குழந்தை நல்ல ஊட்டத்தோடு வளர்ந்திருக்க வேண்டும் என்பதையும் பார்த்தார்கள். குறைந்த வருமானத்திலும் ஒரு பிள்ளையை நன்றாக வளர்த்துக் காட்டிய பெண் சொன்னால் பக்கத்து வீட்டுப் பெண் கேட்பாள். வெளியூரிலிருந்து வந்தவர் சொல்லும் அறிவுரைக்கு அந்த வலு இருக்காது.

ஒவ்வொரு மாதமும் அந்த வயதுக் குழந்தைகள் எல்லோரையும் எடை போட வேண்டும். மெலிந்தவர்களை மட்டும் போட்டால் போதாது. உத்தரத்திலோ மரக்கிளையிலோ தராசைக் கட்டித் தொங்கவிட்டு, குழந்தையைத் துணிப்பையில் உட்கார வைப்பார்கள். பாதிக் குழந்தைகள் வீறிட்டு அழும். முள் ஆடி நிற்கும்வரை பொறுத்திருந்து படிக்க வேண்டும். அவசரப்பட்டால் கால் கிலோ தப்பாகிவிடும். அப்புறம் அந்த எடையை வளர்ச்சி அட்டையில் புள்ளியாக வைத்து, போன மாதப் புள்ளியோடு இணைக்க வேண்டும். கோடு மேலே போனால் சரி. படுத்துவிட்டால் எச்சரிக்கை. கீழே இறங்கினால் அன்றைக்கே ஏதாவது செய்தாக வேண்டும்.

கோடு படுத்திருக்கும் அட்டையை வைத்துக்கொண்டு தாயிடம் பேசுவதுதான் இந்த வேலையின் உயிர். அந்தப் பேச்சு பெரும்பாலும் இப்படித்தான் போகும்:

"நல்லாத்தானே விளையாடுறான், அவனுக்கு என்ன?"

"விளையாடுறான்தான் அக்கா, இல்லைன்னு சொல்லலை. போன மாசம் எட்டு கிலோ இருந்தான், இந்த மாசமும் அதே எட்டுதான். இந்தக் கோட்டைப் பாருங்க, படுத்துக்கிடக்கு. நடுவுல பேதி ஏதும் ஆச்சா?"

"ஒரு நாலு நாள் இருந்துச்சு. சோறு வேணாம்னு கஞ்சித் தண்ணிதான் குடுத்தோம்."

அந்தத் தாயின் கண்ணுக்குக் குழந்தை நன்றாகத்தான் இருக்கிறது. பக்கத்து வீட்டுப் பிள்ளைகளும் அதே அளவில்தான் இருக்கிறார்கள். உடம்பு வற்றி, தோல் சுருங்கி, யார் பார்த்தாலும் தெரிகிற நிலைக்கு வருவதற்குப் பல மாதம் முன்பே எடை நின்றுபோயிருக்கும். அந்த மாதத்திலேயே பிடித்தால், கொஞ்சம் கூடுதல் உணவும் வீட்டில் சிறிய மாற்றமும் போதும். விட்டுவிட்டால் மருத்துவமனைதான்.

எடை போதிய அளவு ஏறாத குழந்தைக்கும், ஏற்கெனவே கடுமையாக மெலிந்திருந்த குழந்தைக்கும் மட்டும் மையத்தில் சத்துருண்டை கொடுத்தார்கள். தானிய மாவு, பருப்பு, வெல்லம் சேர்த்துச் செய்தது. ஊர் மகளிர் குழுக்களே பல இடங்களில் அதைத் தயாரித்தன. காலையிலேயே, மையத்தில் வைத்து, கண் முன்னால் சாப்பிட வேண்டும். வீட்டுச் சாப்பாட்டுக்கு நேரம் விட்டு அதிகாலையில் கொடுத்ததால் வீட்டு உணவு குறையவில்லை. இது 90 நாள். எடை ஏறிவிட்டால் நிறுத்திவிடுவார்கள், ஏறாவிட்டால் தொடர்வார்கள், சுகாதாரப் பணியாளரிடம் அனுப்புவார்கள். எந்த ஒரு சமயத்திலும் நான்கில் ஒரு பங்கு குழந்தைகள் அளவில்தான் உணவுப் பட்டியலில் இருந்தார்கள். மற்றவர்களுக்கு எடை, ஆலோசனை, ஆறு மாதத்துக்கு ஒருமுறை வைட்டமின் ஏ, குடற்புழு மருந்து.

உணவை நிறுத்துவது என்ற முடிவைப் பலர் கொடுமை என்று அப்போது சொன்னார்கள். எனக்கும் முதலில் படித்தபோது அப்படித்தான் பட்டது. ஆனால் 90 நாள் என்ற எல்லை தாயிடம் ஒரு செய்தியைச் சேர்த்தது: உன் குழந்தைக்குத் தேவையானது உன் வீட்டிலேயே இருக்கிறது, மூன்று மாதம் சேர்ந்து செய்து பார்ப்போம், கோடு ஏறுவதை நீயே பார். கோடு ஏறியதைக் கண்ணால் பார்த்த தாய் அடுத்த குழந்தைக்கு யாரும் சொல்லாமலே கெட்டியாகக் குழைத்துக் கொடுப்பாள். எல்லோருக்கும் என்றென்றைக்கும் உணவு கொடுக்கும் திட்டம் அந்தப் பாடத்தைச் சொல்லிக்கொடுக்க வேண்டிய தேவையே இல்லாமல் ஓடிவிடும்.

இன்னொரு விஷயம் மேற்பார்வை. பத்துப் பணியாளர்களுக்கு ஒரு மேற்பார்வையாளர் இருந்தார். அவர் மையத்துக்கு வந்து பதிவேட்டில் கையெழுத்துப் போட்டுவிட்டுப் போகிறவர் இல்லை. தராசைச் சரிபார்ப்பார், பட்டியலில் விடுபட்ட குழந்தையின் வீட்டுக்குக் கூடவே நடப்பார். மாதக் கணக்கை மையத்துக்கு வெளியே பலகையில் எழுதிப்போட்டார்கள்: எத்தனை குழந்தைகள், எத்தனை பேர் எடை போட்டார்கள், எத்தனை பேர் உணவில். ஊரே படிக்கலாம். பணியாளருக்கு வேலையும் குறைவாக, தெளிவாக இருந்தது. ஒரே ஆளிடம் பத்து வேலையைக் கட்டிவிட்டால் முதலில் தவறுவது வீடு தேடிப் போவதுதான் என்பது களத்தில் இருக்கிற யாருக்கும் தெரியும்.

கிடைத்தது

திட்டம் நடந்த பகுதிகளில் கடும் ஊட்டக்குறைவு மூன்றில் ஒரு பங்கு முதல் பாதிவரை குறைந்தது. உலக அளவில் ஊட்டச்சத்துத் திட்டங்களைப் பற்றி எழுதுகிறவர்கள் இன்றும் இதை எடுத்துக்காட்டாகச் சொல்வதற்குக் காரணம் இந்த எண்தான். இந்தியக் குழந்தை மருத்துவர் சங்கத்தின் வகைப்பாட்டில், இருக்க வேண்டிய எடையில் 60 சதவீதத்துக்கும் கீழே இருப்பவர்கள் மூன்றாம், நான்காம் நிலையில் வருவார்கள். உயிரோடு விளையாடும் நிலை அது. அந்த நிலையிலிருந்து பிள்ளைகள் மேலே வந்தார்கள்.

ஆனால் நடுத்தர ஊட்டக்குறைவு அந்த அளவுக்கு அசையவில்லை. கடும் நிலையிலிருந்து ஏறியவர்கள் நடுத்தர நிலையில் வந்து சேர்ந்ததும், அங்கிருந்து இயல்பு நிலைக்குப் போக முடியாமல் நின்றதும்தான் இதற்குக் காரணம். ஏன் நின்றார்கள்? இதற்கு விடை குழந்தையிடம் மட்டும் இல்லை.

தராசில் ஏறாத தாய்

திட்டத்தின் குறிக்கோள்களில் கர்ப்பிணிகளும் பாலூட்டும் தாய்மாரும் இருந்தார்கள். இரத்தசோகையைக் குறைப்பதும் அதில் உண்டு. குறிப்பிட்ட ஆபத்துள்ள தாய்மாருக்குக் கர்ப்பத்தின் கடைசி மாதங்களிலும் பாலூட்டும் தொடக்க மாதங்களிலும் கூடுதல் உணவு என்று ஏட்டில் இருந்தது. நடைமுறையில் இந்தப் பகுதி மெலிந்தே கிடந்தது. சுகாதாரத் துறையோடு இருக்க வேண்டிய இணைப்பும் அப்படித்தான். குழந்தைக்குத் தராசும் அட்டையும் கோடும் 90 நாளும் இருந்தன. தாய்க்கு அப்படி ஒரு முறை இல்லை. கையில் மாத்திரை கொடுத்தார்கள், அதோடு சரி.

கணக்கைப் போட்டுப் பார்க்கலாம். கர்ப்பத்தில் ஒரு பெண் 10 கிலோ அளவுக்காவது எடை ஏற வேண்டும். அவள் 40 கிலோவில் கர்ப்பம் தரித்து, ஐந்து கிலோ மட்டும் ஏறினால், குழந்தை இரண்டரைக் கிலோவுக்குக் கீழே பிறக்கும் வாய்ப்பு அதிகம். அந்தக் குழந்தை ஆறாவது மாதம் தராசில் ஏறும்போது, பணியாளர் பார்ப்பது பிறப்பதற்கு முன்பே தொடங்கிவிட்ட குறையை. 90 நாள் சத்துருண்டை அதைக் கடும் நிலையிலிருந்து மீட்கும். முழுக்கச் சரிசெய்ய அதனால் முடியாது. பெண் குழந்தையாக இருந்தால், குட்டையாக வளர்ந்து, சீக்கிரம் திருமணமாகி, அவளும் 40 கிலோவில் கர்ப்பம் தரிப்பாள்.

தாய் ஏன் குறைவாகச் சாப்பிடுகிறாள் என்பதைக் கேட்காமல் மாத்திரையை மட்டும் நீட்டினால் ஒன்றும் ஆகாது. அதிகம் சாப்பிட்டால் பிள்ளை பெருத்துப் பிரசவம் கஷ்டமாகிவிடும் என்ற பயம் பல வீடுகளில் உண்டு. எல்லோரும் சாப்பிட்ட பிறகு மருமகள் சாப்பிடும் வழக்கம் உண்டு. அப்போது சட்டியில் குழம்பு இருக்கும், காய் இருக்காது. இரும்புச்சத்து மாத்திரை சாப்பிட்டால் குமட்டும், மலம் கறுத்துப் போகும். அதைப் பார்த்துப் பயந்து, அலமாரியில் அட்டை அட்டையாகச் சேர்த்துவைத்துவிட்டு, நர்சம்மா கேட்டால் "சாப்பிடுறேன் சிஸ்டர்" என்று சொல்லிவிடுவார்கள். மாத்திரையை இரவு சாப்பாட்டுக்குப் பிறகு போட்டால் குமட்டல் குறையும், டீயோடு போடக் கூடாது, மலம் கறுப்பது நல்ல அறிகுறி என்று மாமியாரையும் பக்கத்தில் உட்கார வைத்துப் பத்து நிமிடம் பேசினால் பாதிப் பேர் சாப்பிட ஆரம்பித்துவிடுவார்கள். அந்தப் பத்து நிமிடம் யாருடைய வேலைப் பட்டியலிலும் இல்லை.

அதற்குப் பிறகு

1990-களில் இரண்டாம் கட்டம் நடந்தது. பரப்பு கூடியது, தாய்மாருக்கான உணவும் முன்பருவக் கல்வியும் சேர்ந்தன, பணியாளரின் பட்டியல் நீண்டது. முதல் கட்டத்தின் கூர்மை அதில் இல்லை என்பது என் கருத்து. பிறகு அது முழுக்க அங்கன்வாடித் திட்டத்தோடு கலந்துவிட்டது.

தாயின் பக்கம் வேறு வழியில் முன்னேற்றம் வந்தது. 1987-இல் தொடங்கிய டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு நிதியுதவி 2006-இல் 6,000 ரூபாயாகவும், 2011-இல் 12,000 ஆகவும், 2018-இல் ஊட்டச்சத்துப் பெட்டகங்களையும் சேர்த்து 18,000 ஆகவும் ஆனது. ஆரம்ப சுகாதார நிலையங்களில் மூன்று செவிலியர்களை வைத்து 24 மணி நேரமும் பிரசவம் பார்த்தார்கள். ஒவ்வொரு தாய் மரணத்தையும் ஏன் நடந்தது என்று விசாரிக்கும் முறை வந்தது. 2018-20-இல் இந்தியாவில் ஒரு லட்சம் பிரசவத்துக்கு 97 தாய்மார் இறந்தபோது தமிழ்நாட்டில் 54. 2020-இல் குழந்தை இறப்பு ஆயிரத்துக்கு 13. நாட்டு அளவில் 28. இது சாதாரண வேலை இல்லை. கிராம சுகாதார செவிலியர்கள் வீடு வீடாக நடந்து சேர்த்த பலன்.

உயிர் காக்கப்பட்ட அளவுக்கு உடம்பு தேறவில்லை. 2019-21 தேசிய குடும்ப நலக் கணக்கெடுப்பில் தமிழ்நாட்டில் ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளில் 25 சதவீதம் வயதுக்கேற்ற உயரம் இல்லாதவர்கள். கர்ப்பிணிகளில் 48.3 சதவீதத்துக்கு இரத்தசோகை. முந்தைய கணக்கெடுப்பில் அது 44.4. ஏறத்தாழ எல்லாப் பிரசவமும் மருத்துவமனையில் நடக்கும் மாநிலத்தில் இது. மருத்துவமனைக்கு வரவழைக்க நமக்குத் தெரிந்துவிட்டது. வருவதற்கு முந்தைய ஒன்பது மாதமும், போன பிறகான இரண்டு வருடமும் வீட்டுக்குள் நடக்கின்றன.

2022 மே மாதம் நீலகிரியில் தொடங்கிய 'ஊட்டச்சத்தை உறுதி செய்' திட்டத்தைப் பார்த்தபோது எனக்குச் சந்தோஷமாக இருந்தது. எல்லாக் குழந்தைகளையும் அளந்து பார்ப்பது, மெலிந்தவர்களைப் பிரித்தெடுப்பது, கடுமையாக மெலிந்தவர்களுக்கு 56 நாள் சிறப்பு உணவு கொடுத்து மறுபடி அளப்பது. அதே பழைய வரிசை. கூடவே ஒரு நல்ல மாற்றம்: ஆறு மாதத்துக்குட்பட்ட குழந்தை மெலிந்திருந்தால் பெட்டகம் தாய்க்குப் போகிறது. குழந்தைக்குத் தாய்ப்பால் மட்டுமே உணவு என்பதால் தாய்க்குக் கொடுப்பதுதான் சரி.

இதை இன்னும் ஒரு படி முன்னே கொண்டுபோகலாம். மாதம் ஒருமுறை ஊரில் நடக்கும் சுகாதார, ஊட்டச்சத்து நாளில் செவிலியரும் அங்கன்வாடிப் பணியாளரும் ஒரே இடத்தில் இருக்கிறார்கள். கர்ப்பிணிகளின் எடையை அன்றைக்கே போட்டு, எண்ணாக எழுதிவைக்காமல், குழந்தைக்குச் செய்வதுபோல் புள்ளி வைத்துக் கோடு இழுக்க வேண்டும். நான்காவது மாதத்திலிருந்து ஒரு மாதம் கோடு படுத்துவிட்டால் அந்த வாரமே வீட்டுக்குப் போய், அவளோடும் மாமியாரோடும் கணவனோடும் உட்கார்ந்து பேச வேண்டும். அடுத்த 90 நாளைக்கு அவளுக்கான சத்துமாவு மையத்திலேயே, கண் முன்னால். இதற்குப் புதிய கட்டடம் வேண்டாம், புதிய கருவி வேண்டாம். அங்கன்வாடிப் பணியாளரிடமிருந்து இரண்டு பதிவேட்டையும் ஒரு செயலியையும் எடுத்துவிட்டு அந்த நேரத்தை இதற்குக் கொடுக்க வேண்டும். காலிப் பணியிடங்களை நிரப்பி, பத்துப் பேருக்கு ஒரு மேற்பார்வையாளர் என்ற பழைய கணக்குக்குத் திரும்ப வேண்டும். ஒரே ஒரு ஒன்றியத்தில் முதலில் செய்து, இரண்டு வருடம் பிறந்த எடைகளைப் பலகையில் எழுதிப்போட்டு வந்தாலே பலன் தெரிந்துவிடும். 1980-இலும் ஒரே ஒன்றியத்தில்தான் ஆரம்பித்தார்கள்.